குழிக்கு முந்திய குழி

ஆக்கவுரிமை மேன்முறையீட்டுச் சபை வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கலியாண மண்டபத்தின் மேல்மாடியில் தற்காலிகமாக இயங்கி வந்தது. தற்காலிகம் என்று சொல்லி வந்து பதினேழு வருடமாகிவிட்டது. மணவறை கட்டுவதற்கு அடித்த ஆணிகள் இன்னும் சுவரில் இருந்தன. அவற்றில் ஒன்றில் சபைத் தலைவர் தமது கோட்டை மாட்டுவார். ரயில் போகும்போது யார் என்ன சொன்னாலும் கேட்காது. ஆகவே ஒவ்வொரு ரயிலுக்கும் விசாரணை நிறுத்தப்படும். நிறுத்தப்பட்டது என்று குறிப்பில் எழுதப்படும். எழுதியது சரிதான் என்று உறுப்பினர் மூவரும் ஒப்பமிட்ட பிறகே மறுபடி தொடங்கும். ஒப்பமிட்டு முடிவதற்குள் பெரும்பாலும் அடுத்த ரயில் வந்துவிடும்.

1997 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இந்த மண்டபத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்தபடி கொட்டாஞ்சேனை சூசைதாசன் ஒஸ்வால்ட் வலது காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பூசையில் முழந்தாளில் நிற்கும்போதுகூட விரலால் தாளம் போடுகிறார் என்று மனைவி புளோறன்ஸ் குறைப்படுவாள். அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தில் வாங்கின் மற்ற நுனியில் இருந்தவர் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

மருதானையில் ஒரு தனியார் தொழில்நுட்ப நிலையத்தில் ஒஸ்வால்ட் பத்தொன்பது வருடமாக இலத்திரனியல் படிப்பித்து வந்தார். பத்தொன்பது வருடமும் கரும்பலகையில் எழுதியது அடுத்தவர்களின் பெயர்களைத்தான். இந்த விதி ஒரு ஜேர்மன்காரனுடையது, அந்த அலகு ஓர் இத்தாலிக்காரனுடையது என்று எழுதி எழுதி அழித்தவருக்கு, அந்த வரிசையின் ஒரு மூலையிலாவது தன் பெயரும் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பேராசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்பள உயர்வுக்கு ஆசைப்பட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திராது.

அவருடைய கண்டுபிடிப்பை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சபைக்கு மட்டும் இரண்டு வருடம் பிடித்தது. கணினியின் நினைவு என்பது குறைகடத்திச் சில்லில் இருக்கும் இலட்சக்கணக்கான நுண்ணிய கொள்ளளவிகள். ஒவ்வொரு கொள்ளளவியிலும் ஒரு துளி மின்னேற்றம். துளி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். சில்லு சின்னதாகச் சின்னதாக அந்தத் துளியை வைக்க இடம் போதாமல் போகிறது. மற்றவர்கள் சிலிக்கனில் நேராகக் கீழே குழி தோண்டினார்கள். ஒஸ்வால்ட் குசினி மேசையில் இருந்து யோசித்து, வாய் ஒடுங்கி அடி அகன்ற குழியை வரைந்தார். சுவரில் மெல்லிய காப்புப் படை, உள்ளே கடத்தி. மேலே பிடிக்கும் இடம் கொஞ்சம், உள்ளே பிடிக்கும் மின்னேற்றமோ அதிகம்.

இதைப் பற்றிச் சிங்கப்பூரில் ஒரு சில்லுக் கம்பனிக்கு எழுதினார். ஆக்கவுரிமைச் சான்றிதழ் இலக்கம் இல்லாத வரைபடங்களைத் தாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்றும், 1998 டிசம்பருக்குள் இலக்கத்தை அனுப்பினால் பார்ப்பதாகவும், பார்த்து எடுத்துக்கொண்டால் வடிவமைப்புக்கு அவர் பெயரையே வைப்பதாகவும் பதில் வந்தது. இரண்டு வருடம் எந்த அரசாங்கக் கந்தோருக்கும் போதும் என்று ஒஸ்வால்ட் நினைத்தார். நல்ல மனுசர்.

ஆக்கவுரிமை கொடுப்பதற்கு முன் ஒரு பரிசோதகர் தேடிப் பார்ப்பார். அதே பொருளை விண்ணப்பத் திகதிக்கு முன் யாராவது செய்தோ எழுதியோ வைத்திருந்தால் அதற்கு முன்கலை என்று பெயர். முன்கலை அகப்பட்டால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. ஒஸ்வால்டுக்கு வாய்த்த பரிசோதகர் தெமட்டகொடை பலீல். தாவரவியல் பட்டதாரி, நேர்மையான மனிதர், லஞ்சம் வாங்கத் தெரியாதவர், கொள்ளளவியைக் கண்ணால் கண்டிராதவர். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த தேடல் முறை வெள்ளைக்காரன் விட்டுப்போனது: நாலு இழுப்பறை. சக்கரம், பெட்டி, தடி, குழி. உலகத்தில் மனிதன் கண்டுபிடிக்கக்கூடியது எல்லாம் இந்த நாலுக்குள் அடங்கும் என்பது சபையின் நம்பிக்கை. பலீல் நாலாவது இழுப்பறையைத் திறந்தார். முதல் அட்டையே பொருந்திவிட்டது. 1927இல் ஒரு பறங்கிச் சுகாதாரப் பரிசோதகர் பதிந்த, அடி அகன்ற மலசலகூடக் குழி.

ஒஸ்வால்ட் மேன்முறையீடு செய்தார். அதுதான் அன்றைய விசாரணை.

சபைத் தலைவர் முத்துலிங்கம் காணி, விவசாயம், சிறைச்சாலை ஆகிய மூன்று திணைக்களங்களிலும் மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்றிலும் கற்றதை நாலாவதில் பிரயோகித்துக்கொண்டிருந்தார்.

"திரு. பலீல், ஒப்பீட்டை வாசியும்."

பலீல் எழுந்தார். "அஞ்சு அம்சம் ஈக்கி, சேர். ஒண்டு, திடப்பொருள்ல தோண்டின குழி. 1927லயும் அப்பிடித்தான், அங்க அது தரை. ரெண்டு, வாய் ஒடுக்கம், அடி அகலம். 1927லயும் அப்பிடித்தான். மூணு, சொவர்ல கசியாத படை. அங்க அது சீமெந்து. நாலு, உள்ளுக்குச் சேத்து வெக்கிறது."

"எதைச் சேர்த்து வைக்கிறது?" என்று இரண்டாவது உறுப்பினர் கேட்டார்.

"இவர்ட விண்ணப்பத்தில மின்னேற்றம், சேர். முந்தின பத்திரத்தில..."

நல்லவேளையாக ரயில் வந்தது. நிறுத்தினார்கள், எழுதினார்கள், ஒப்பமிட்டார்கள்.

"அஞ்சு," என்று பலீல் தொடர்ந்தார், "நெரம்பினா வெறுமையாக்கி மறுகா நெரப்பலாம். ரெண்டுலயும் அப்பிடித்தான்."

ஒஸ்வால்ட் துள்ளி எழுந்தார். "சேர், அது கக்கூஸ்!"

"அமரும்," என்றார் தலைவர். "ஒரு பொருளின் உபயோகத்தைச் சபை பார்ப்பதில்லை. பார்க்கத் தொடங்கினால் நடுநிலை கெட்டுவிடும்."

"என்ட குழி தலைமயிர்த் தடிப்பில நூறில ஒரு பங்கு, சேர்!"

"அளவு விண்ணப்பத்தில் இல்லையே? இருந்தாலும் சிறுமை ஒரு கண்டுபிடிப்பல்ல. நான் காணித் திணைக்களத்தில் இருந்தபோது ஒரே காணியை நூறு துண்டாகப் பிரித்திருக்கிறேன். அதற்கு நான் ஆக்கவுரிமை கேட்டேனா?"

உறுப்பினர் இருவரும் கேட்கவில்லை என்று தலையாட்டினார்கள்.

அந்தக் குழியை எங்களால் காண முடியுமா என்று மூன்றாவது உறுப்பினர் கேட்டார். கண்ணால் காண ஏலாது, விசேட நுணுக்குக்காட்டி வேண்டும் என்றார் ஒஸ்வால்ட். தலைவர் கதிரையில் சாய்ந்தார்.

"சபை காணாததை நம்பாது. கண்டதையும் குறிப்பில் ஏறிய பிறகுதான் நம்பும். ஆகவே மேன்முறையீட்டாளர் தமது குழியை, உறுப்பினர் மூவரும் சுற்றி நின்று பார்க்கக்கூடிய அளவில், தரையில் செய்து காட்ட வேண்டும். அதிலிருந்து பதினாலு நாளுக்குள் அளவைச் சேர்த்துத் திருத்திய விண்ணப்பம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தின் திகதி, திருத்திய திகதியே."

"கடதாசி மட்டையில செய்து கொண்டு வரட்டோ, சேர்?"

"மட்டை திடப்பொருளா, பலீல்?"

"இழுப்பறையில அது பெட்டிக்குள்ள வருது, சேர்."

"தரையில் தோண்டும்," என்றார் தலைவர்.

இவ்வளவும் நடந்தது கொழும்பில் தமிழன் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே பொலிஸில் போய்ப் பதிய வேண்டிய காலத்தில். ஒஸ்வால்ட் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து பின்வளவை அடி அடியாக அளந்தார். புளோறன்ஸ் கையில் அகப்பையோடு வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? இந்த நாளையில ஒரு தமிழன் வளவுக்குள்ள ஆறடிக் குழி தோண்டலாமே?"

"சபை எழுத்தில தந்திருக்கு, புளோறன்ஸ். முத்திரையும் குத்தியிருக்கு."

"அதை வாசிச்சுப்போட்டோ அவங்கள் உங்களக் கொண்டு போகப்போறாங்கள்?"

சொன்னால் கேட்கிற ஆளா? தண்ணீர் ஓடும் கான் வெட்டுகிற சிவமணியைப் பிடித்து மூன்று நாளில் குழியைத் தோண்டினார். வாய் மூன்றடி, அடி ஆறடி. உட்சுவருக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டினார். இரண்டு பக்கமும் தகரம் வைத்து, தகரத்தில் செப்புக் கம்பி இணைத்து, கம்பியை ஒரு கார் பற்றரியோடு தொடுத்தார். சபைக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று பக்கத்தில் மூன்று கதிரையும் போட்டு, ஒரு தட்டில் தின்னப் பற்றீசும் வைத்து மூடினார்.

சபை வருவதாகச் சொன்னது சனிக்கிழமை பத்து மணிக்கு. பொலிஸ் ஒன்பதரைக்கே வந்துவிட்டது. நாட்டில் நேரத்துக்கு வருகிற ஒரேயொரு திணைக்களத்தை ஒஸ்வால்ட் அன்றைக்குத்தான் கண்டார். மதிலுக்கு மேலால் யார் பார்த்துச் சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

பொலிஸ் அதிகாரி குழியைப் பார்த்தார், பொலித்தீனைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பற்றரியைப் பார்த்தார். "மேக்க மொக்கத?" என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேள்வி.

"கெப்பாசிட்டர், சேர்," என்று ஒஸ்வால்ட் உற்சாகமாகச் சொன்னார். படிப்பித்துப் பழகிய வாய். எவர் கேள்வி கேட்டாலும் முழுதாக விளக்கிவிடும். இதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம், எவ்வளவு நேரமும் வெளியே தெரியாமல் வைத்திருக்கலாம், வேண்டிய நேரம் ஒரு தொடுகையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே விடலாம் என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். இப்படி இது ஒன்றுதானா என்று அதிகாரி கேட்டார். இது மாதிரிதான், உண்மையில் இலட்சக்கணக்கில் இருக்கும், ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது என்றார் ஒஸ்வால்ட்.

புளோறன்ஸ் குசினி வாசலில் நின்று சிலுவை அடையாளம் போட்டாள்.

விலங்கு மாட்டிக்கொண்டிருக்கும்போது சபையின் கார் ஒழுங்கைக்குள் நுழைந்தது. ஒஸ்வால்டுக்கு உயிர் வந்தது. "அந்தா, சேர் வந்திட்டார்! அவரைக் கேளுங்கோ!" என்று கத்தினார். கார் நின்ற வேகத்திலேயே பின்னுக்குப் போக எத்தனித்தது. ஒரு பொலிஸ்காரர் போய்ப் பின்னால் நின்றுகொண்டார். முத்துலிங்கம் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினார்.

இவரைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது," என்றார் தலைவர்.

உங்களுக்காகத்தான் தோண்டினேன் என்று சொல்கிறாரே?

"மேன்முறையீட்டு இலக்கம் ஒன்றைத் தெரியும். அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று சபை விசாரிப்பதில்லை."

நீங்கள்தானே அந்தச் சபையின் தலைவர்?

"தலைவர் பதவி வெற்றிடமாக இருக்கிறது. நான் பதில் தலைவராகக் கடமை பார்க்கிறேன்," என்று முத்துலிங்கம் தம் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவரும் தமிழன்தானே, வெள்ளவத்தையில் அவர் வீட்டிலும் போன கிழமை பொலிஸ் வந்து தேடியிருந்தது.

"வேதாகமத்தில வாற மாதிரி மூண்டு தரம் மறுதலிச்சுப்போட்டார்," என்றாள் புளோறன்ஸ். "இனிச் சேவல் கூவுறதுதான் மிச்சம்."

கார் போய்விட்டது. அன்றைய சபைக் குறிப்பில், "இடம் பார்வையிடப்பட்டது. திருப்தி," என்று ஏறியது.

ஒஸ்வால்டை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். பொலிஸ் புத்தகத்தில் குழியின் விபரத்தை நீள அகலம், படை, கம்பி, தகரம் என்று ஒன்றும் விடாமல் எழுதி, அளவுகோல் வைத்துப் படமும் கீறினார்கள். படம் ஒஸ்வால்டினுடையதைவிட வடிவாக இருந்தது. கடைசியில் வாக்குமூலத்தை ஒரு பொலிஸ்காரர் வாசித்துக் காட்டினார். ஒஸ்வால்டுக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், எழுத்துத் தெரியாது. கடைசி வசனம் இப்படி இருந்தது: "இந்தக் குழியைச் செய்தவன் நான். இது எதையும் சேர்த்து வைக்காது. எதற்கும் உதவாது."

ஒப்பம் வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வெளியே மர வாங்கில் புளோறன்ஸ் சோற்றுப் பார்சலோடு இரண்டாவது நாளாக இருந்தாள். முதல் நாள் கொண்டுவந்த பார்சலும் பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது. ஒஸ்வால்ட் ஒப்பம் வைத்தார்.

பதினாலாவது நாள், அளவு சேர்த்துத் திருத்திய விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். புதுத் திகதி குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினார். ஒரு செவ்வாய் உறுப்பினர் ஒருவருக்கு ஓய்வு. இன்னொரு செவ்வாய் புது உறுப்பினருக்கு வரவேற்பு. பிறகு ரயில் நேர அட்டவணை மாறியதால் பழைய குறிப்புகளில் ரயில் நின்ற நேரமெல்லாம் திருத்தப்பட்டன. அதற்கே ஐந்து மாதம். ஒஸ்வால்ட் மண்டபத்தில் மேலும் கீழும் நடந்தார். ஒரு காலணி தேய்ந்து மறு காலணி வாங்கினார். வீட்டில் பின்வளவுக் குழி மழைத் தண்ணீரால் நிரம்பியது. அதில் நுளம்பு முட்டையிட்டுப் பெருகுகிறது என்று மாநகரசபை ஒரு கடிதம் அனுப்பியது. 1998 டிசம்பர் வந்தது. முப்பத்தோராந் திகதி ஒஸ்வால்ட் சிங்கப்பூர்க் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டு, மடித்து, வேதாகமத்துக்குள் வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இனிக் கம்பனி இல்லை. சான்றிதழில் பெயராவது வரட்டும் என்று அடுத்த செவ்வாயும் பஸ் ஏறினார்.

தீர்ப்பு 1999 பெப்ரவரியில் வந்தது.

"முதலாவதாக," என்று முத்துலிங்கம் வாசித்தார், "1927ஆம் ஆண்டுக் குழி இக்கண்டுபிடிப்புக்கு முன்கலை அல்ல. பரிசோதகரின் முடிவு தவறு."

ஒஸ்வால்டின் கால் நின்றது.

"இரண்டாவதாக, திருத்திய விண்ணப்பத்தின் திகதி வரைக்கும் பரிசோதகர் மறுபடி தேட வேண்டியிருந்தது. பலீல், சொல்லும்."

பலீல் நிமிர்ந்து பார்க்கவில்லை. "திருத்தின திகதிக்கு பன்னிரண்டு நாளைக்கு முந்தி, பொலிஸ் புத்தகத்தில ஒரு குழி பதிஞ்சீக்கி, சேர். அளவோட, படத்தோட. அஞ்சு அம்சமும் பொருந்துது." பிறகு ஒஸ்வால்டின் பக்கம் திரும்பி மெதுவாக, "நான் தேடாம ஈந்திருக்கணும். தேடச் சொன்னா தேடுறது என்ட வேல," என்றார்.

"சேர், அது நீங்க தோண்டச் சொன்ன குழி!"

"சபை கேட்டது மாதிரியை. பொலிஸ் பதிந்தது குழியை."

"அதில பேர் இருக்குதே, சேர்! சூசைதாசன் ஒஸ்வால்ட். அது நான்தானே!"

தலைவரின் முகம் கனிந்தது. "அப்படியானால் நீர் சந்தோஷப்பட வேண்டும். இதை முதன்முதலில் செய்தவர் நீர்தான் என்று சபை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவதாக வந்து கேட்கிறவருக்குத்தான் மறுக்கிறோம்."

வேலை செய்யாத குழி ஒன்று முன்கலையாகுமா என்று புது உறுப்பினர் கேட்டார். அவர் புதிது.

"நல்ல கேள்வி," என்றார் தலைவர். "பொலிஸில் பதிந்த குழி வேலை செய்யும் என்றால், இது முன்னரே செய்யப்பட்டது, உரிமை இல்லை. வேலை செய்யாது என்றால், எதற்கும் உதவாத பொருளுக்கு உரிமை இல்லை; உதவாது என்று கண்டுபிடித்தவரே ஒப்பம் வைத்திருக்கிறார். எந்த வாசலால் போனாலும் சட்டம் ஒரே அறைக்குத்தான் வருகிறது. முப்பத்தெட்டு வருடச் சேவையில் இவ்வளவு துப்புரவான தீர்ப்பை நான் எழுதியதில்லை."

ரயில் வந்தது. நிறுத்தி, எழுதி, ஒப்பமிட்டார்கள்.

தீர்ப்பைக் கணினியில் அச்சடித்துக் கையில் கொடுப்பதாக இருந்தது. ஏதோ ஒரு வெளிநாடு அந்த மாதம்தான் சபைக்குக் கணினி ஒன்றை அன்பளிப்புச் செய்திருந்தது. எழுதுவினைஞர் கொன்ஸ்ரன்ஸ் பொத்தானை அமத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அமத்தினார். பீப் பீப் என்று கத்தியது.

"எல்லாத்தையும் மறந்துபோச்சு, சேர்," என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "நீர் இலத்திரனியல் ஆள்தானே, ஒஸ்வால்ட்? ஒருக்காப் பாரும்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒஸ்வால்ட் எழுந்து போயிருக்கலாம். போகத்தான் நினைத்தார். ஆனால் பழுதான பொருளைக் கண்டால் அவர் கை கேட்பதில்லை. மூடியைக் கழற்றினார். ரயில் அதிர்ச்சியில் நினைவு அட்டை இடம்விட்டு நழுவியிருந்தது. வெளியே எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புச் சில்லுகள் எட்டு. எட்டிலும் சிங்கப்பூர்க் கம்பனியின் பெயர். தங்கள் அடுத்த சில்லில் குழியின் அடியை அகட்டப்போவதாகவும், அதை எவரும் இதுவரை யோசித்ததில்லை என்றும் அந்தக் கம்பனி அறிவித்திருந்ததைப் போன கிழமைதான் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தார். அந்தக் குழிக்கு அங்கே வேறொருவரின் பெயர். அட்டையைத் துடைத்து, இரண்டு பெருவிரலாலும் அமத்தி, இருந்த இடத்தில் வைத்தார்.

திரை வெளித்தது. அச்சு இயந்திரம் கிறீச்சிட்டு அவருடைய மறுப்பைப் பக்கம் பக்கமாகத் துப்பியது.

கொன்ஸ்ரன்ஸ் ஒரு நீளப் புத்தகத்தை எடுத்து விரித்தார். "திருத்த வேலைப் பதிவு, மிஸ்டர் ஒஸ்வால்ட். இதில எழுதாம ஒருத்தரும் கைவைக்க ஏலாது. முழுப் பேரும் எழுதுங்கோ."

சூசைதாசன் ஒஸ்வால்ட் என்று அவர் எழுதினார்.

"அடுத்த கட்டம்: இந்த வேலையை இதுக்கு முன்னம் செய்த ஆள்." கொன்ஸ்ரன்ஸ் பின்னால் புரட்டிப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லை. இல்லை எண்டு போடுங்கோ. நீங்கதான் முதல் ஆள்."

போட்டார். புத்தகம் தலைவரிடம் போனது. முத்துலிங்கம் வாசித்துப் பார்த்துச் சரியென்று ஒப்பமிட்டார்; உறுப்பினர் இருவரும் ஒப்பமிட்டார்கள்; கொன்ஸ்ரன்ஸ் மேலே முத்திரை குத்தினார். எல்லாம் நாலு நிமிடத்தில் முடிந்தது.

ஒஸ்வால்ட் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, புளோறன்ஸுக்குக் காட்ட இதில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார்.

அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார் தலைவர்.